முருங்கைக்காயின் இதயத் துடிப்பு

டாக்டர் மணவாளனுக்கு இதுவரை போர்த்தப்பட்ட சால்வைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால், ஒரு முனையைச் சிதம்பரத்தில் கட்டிவிட்டு, வெள்ளாற்றைத் தாண்டி, புவனகிரியை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை வடலூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். இது மிகை என்று சொல்பவர்கள் அவருடைய அறையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே புத்தகங்களுக்கு ஒரு அலமாரி, சால்வைகளுக்கு மூன்று. புத்தக அலமாரியில் ஒட்டடை. சால்வை அலமாரிகளில் அந்துருண்டை.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வயலை நிரவிக் கட்டிய ஒரு தனியார் மருந்தியல் கல்லூரிக்கு அவர் முதல்வர். தலையில் முடி காலியாகிவிட்டது. இடது காதுக்கு மேலே மட்டும் ஒரு கொத்தை விட்டுவைத்து, அதை முழம் கணக்கில் வளர்த்து, மண்டையைத் தாண்டி வலது காது வரை கொண்டுபோய்ப் படிய வைத்திருப்பார். அந்த ஏற்பாட்டுக்குக் காற்று எதிரி. ஆகவே அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் காரியமாக மின்விசிறியின் ரெகுலேட்டரை இரண்டாம் எண்ணுக்குத் திருப்புவார். மே மாதமானாலும் இரண்டுதான். சுற்றியிருப்பவர்கள் உருகி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாலும் இரண்டுதான். இந்த இரண்டாம் எண்ணை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், நான் கடலூரில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லூர்துசாமி என்று பெயர். மணவாளன் ஒரு மனையை என் முன்னால்தான் பதிவு செய்தார். அன்றைக்கு எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார். மனைப் பதிவுக்குச் சால்வை போர்த்திய ஒரே மனிதரை என் உத்தியோக காலத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

விலங்குகளை வைத்துச் சோதனை நடத்துகிற இடத்தில் ஒரு குழு இருக்க வேண்டும், அந்தக் குழுவில் விஞ்ஞானம் தெரியாத, ஆனால் சமூக அக்கறை உள்ள ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். 2009இல் அப்படி ஒரு ஆளைத் தேடியபோது மணவாளனுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. விஞ்ஞானம் தெரியாது என்ற தகுதி எனக்குப் பூரணமாக இருந்தது. சமூக அக்கறை என்று பார்த்தால், செம்மண்டலத்து டீக்கடையில் அடுத்தவர் வாங்கிய பேப்பரைத் தினமும் முழுசாகப் படித்துவிடுவேன்.

"எலிக்கெல்லாம் நீங்கதான் எம்.எல்.ஏ.வா?" என்று கேட்டாள் என் மனைவி ஆரோக்கியம்மாள். "ஊட்டுல ஓடுற எலிக்கு ஒரு பொறி வாங்கியாரச் சொல்லி ஒரு மாசமாவுது."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கெட்டிச் சட்னியோடு மெதுவடை தருவார்கள். அந்த வடைக்காகச் சிங்கத்துக்கு மயக்க ஊசி போடுகிற குழுவில்கூட உட்காருவேன்.

அங்கேதான் தமிழினியைப் பார்த்தேன். கடலூர் முதுநகர்ப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். மணவாளனுக்குக் கீழே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ரத்த அழுத்தத்துக்கு ஏதோ ஒரு மருந்து. எலிக்கு மயக்கம் கொடுத்து, அந்த மருந்தைச் செலுத்தி, ரத்தக் குழாயில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் பார்ப்பதற்குள் எலி செத்துப்போய்விடும். ஒன்று இரண்டு அல்ல, வரிசையாக.

"கை சரியில்ல" என்றார் மணவாளன் குழுவின் முன்னால். அவள் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் வடை தின்றுகொண்டிருந்தோம். "ஊசி போடத் தெரியல. மீன் வெட்டுற மாதிரி வெட்டுனா எலி எப்படிப் பொழைக்கும்?"

தமிழினியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. "கை சரியாத்தான் சார் இருக்குது. மயக்கத்துல எலியோட ஒடம்பு சில்லுன்னு ஆயிடுது. சூடு எறங்க எறங்க இதயம் மெதுவாவுது, மூச்சு நிக்குது. என் ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது அது எனக்குத் தெரியறதில்ல. சூடு, மூச்சு, துடிப்பு, மூணையும் காட்டுற மாதிரி ஒரு கருவி வேணும். அடியில போட ஒரு சூட்டு மெத்தை வேணும். அவ்ளோதான் சார்."

எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மணவாளனுக்கும் புரிந்தது. ஆனால் அவருக்கு வேறு ஒன்று புரிந்தது. கருவி என்றால் கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பு என்றால் விழா. விழா என்றால் சால்வை.

"நானே இதப் பத்தி ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். அவர் யோசிக்க ஆரம்பித்து ஒரு வடை தின்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

கருவியை வடிவமைக்கிற வேலை சார்லஸிடம் போனது. அதே வளாகத்துப் பொறியியல் கல்லூரியில் அவன் விரிவுரையாளன். ஆரோக்கியம்மாளின் அண்ணன் மகன், ஆக எனக்கு மருமகன் முறை. நல்ல மூளைக்காரன். முதுகெலும்பு மட்டும் அகத்திக்கீரைத் தண்டு. யார் அதட்டினாலும் வளைந்துவிடுவான்.

முதலில் அவனும் தமிழினியும் சேர்ந்து ஒன்றை வரைந்தார்கள். எலியின் வாலில் ஒரு சின்ன கிளிப். அதன் ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தை வாங்குகிற ஒரு கண். ரத்தம் பாயப் பாய வெளிச்சம் கூடிக் குறையும், அதை எண்ணினால் துடிப்பு. கிளிப்புக்கு மேலே கருப்பு மூடி, வெளியே இருக்கிற வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க. மூச்சுக்கு மார்பில் ஒரு பட்டை. சூட்டுக்கு ஒரு கம்பி. அடியில் மெத்தை.

மணவாளன் அதைத் திருத்தினார். திருத்தினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

"மூணு நம்பர் எதுக்குய்யா? பாக்குறவன் குழம்பிப் போவான். ஒரே நம்பர். பேங்க்ல டோக்கன் நம்பர் வரும் பாரு, அந்த மாதிரி பெருசா, செகப்பா." மூச்சுப் பட்டை போயிற்று. சூட்டுக் கம்பி போயிற்று. "மெத்தை எதுக்கு? எலிக்கு என்ன பிரசவமா?" மெத்தையும் போயிற்று. கடைசியாகக் கருப்பு மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இத எடுத்துடு. உள்ள செகப்பு வெளக்கு எரியுதுல்ல? அது போட்டோவுல தெரிய வேணாமா?"

"சார், மூடி இல்லன்னா வெளி வெளிச்சம்..." என்று சார்லஸ் இழுத்தான்.

"நான் சொல்றேன்."

மூடியும் போயிற்று. மிஞ்சிய பெட்டிக்குப் 'பிராண மித்ரா' என்று பெயர் வைத்தார். பேட்டரியிலும் ஓடும் என்பது ஒன்றுதான் சார்லஸ் அவருக்குத் தெரியாமல் காப்பாற்றிய அம்சம்.

முதல் சோதனை மணவாளனின் அறையிலேயே, குழுவின் முன்னால் நடந்தது. மேலே மின்விசிறி இரண்டில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தது. மேசையில் ஒரு வெள்ளெலி மயங்கிக் கிடந்தது. தமிழினி வாலில் கிளிப்பை மாட்டினாள். பெட்டியில் சிவப்பாக 348 என்று வந்து நின்றது.

நின்றது என்றால் அப்படியே நின்றது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. "எலிக்கு முந்நூறு நானூறு துடிப்பு இருக்கணும். கரெக்டா இருக்குது பாருங்க!" என்று மணவாளன் கையைத் தட்டினார். நாங்களும் தட்டினோம். வடை வந்தது. தமிழினி மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்குறது எதுவும் இவ்ளோ ஒழுங்கா இருக்காது சார்" என்று என் பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள். நான் வாயில் வடையோடு தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கிளிப்பைக் கழற்றியபோது எலி விறைத்துப் போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வெண்டைக்காய்.

சாதாரண மனிதனாக இருந்தால் பெட்டியைச் சந்தேகப்படுவான். மணவாளன் சாதாரண மனிதரில்லை. "கடைசி வரைக்கும் 348 காட்டியிருக்கு. நீங்க எல்லாரும் சாட்சி. ஆக, கிளிப்பக் கழட்டுற நிமிஷம் வரைக்கும் எலி நல்லா இருந்திருக்கு. கழட்டும்போது இந்தப் பொண்ணு என்னமோ பண்ணியிருக்கு!" என்றார்.

இப்படியாக, எலியைக் காப்பாற்ற அவள் கேட்ட கருவி, அவள்தான் கொலைகாரி என்று சாட்சி சொன்னது. தீர்ப்பும் அங்கேயே வந்தது. பிராண மித்ராவின் தொடக்க விழாவில், சிறப்பு விருந்தினர் முன்னால், தமிழினி ஒரு எலிக்கு மயக்கம் கொடுத்துக் காட்ட வேண்டும். அதுவும் செத்தால், எலிகளை வைத்துச் சோதனை செய்ய அவளுக்குக் குழு கொடுத்த அனுமதி ரத்து. அதோடு அவளுடைய ஆராய்ச்சிப் பதிவும் காலாவதி. குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். வடை தின்கிற வாயால் வேறு என்ன செய்ய முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் சட்டையைக் கழற்றுவதற்குள், வீட்டு வாசலில் சார்லஸின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவன் மடியில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய பெட்டியைப் பெட்ரோல் டாங்கின் மேல் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பின்னாலேயே ஆட்டோவில் தமிழினி.

"மாமா, இந்தப் பொட்டில என்னமோ தப்பு இருக்குது. காலேஜுல வச்சுப் பாக்க முடியாது. அவரு ரூமத் தாண்டி வெளிய உட மாட்டாரு. ரிப்பேருன்னு பொய் சொல்லி எடுத்தாந்தேன்."

"பொய் சொல்லக் கத்துக்கிட்டியா? முதுகெலும்பு மொளைக்குதுடா" என்றேன்.

கூடத்தில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாகத்தான் வெளிச்சம். அதற்குக் கொஞ்சம் கீழே மின்விசிறி. எலிக்கு எங்கே போவது? பொறி வாங்காத பாவத்துக்கு, தேவைப்படுகிற அன்றைக்கு ஒரு எலியும் கண்ணில் படவில்லை. ஆரோக்கியம்மாள் சாம்பாருக்கு நறுக்க வைத்திருந்த முருங்கைக்காயில் ஒன்றைத் தமிழினி எடுத்தாள். "வால் தடிமன்தான் இருக்குது" என்று அதன் நுனியில் கிளிப்பை மாட்டினாள்.

410.

எனக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்றது. முருங்கைக்காய்க்கு நிற்கவில்லை. அது பாட்டுக்கு 410இல், ஒரு பிசிறில்லாமல், வாலிப எலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, இங்க வந்து பாரு. ஒன் முருங்கைக்காய்க்கு உசுரு இருக்குது!" என்று கத்தினான் சார்லஸ்.

அடுப்படியிலிருந்து வந்த ஆரோக்கியம்மாள் பெட்டியைப் பார்க்கவில்லை, வியர்த்து நிற்கிற இரண்டு பேரைத்தான் பார்த்தாள். "வெயில்ல வந்த புள்ளைங்கள இப்படியா புழுங்க உடுவாங்க?" என்று மின்விசிறியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினாள்.

பெட்டியில் எண் ஓட ஆரம்பித்தது. 500. 650. 800.

"ஏன், காய்க்கு ஜொரம் ஏறுதா?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

தமிழினி மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். ஓடிப்போய் ரெகுலேட்டரைக் குறைத்தாள். எண் இறங்கியது. ஏற்றினாள். ஏறியது. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"மூணு றெக்கை சார்! ஒவ்வொரு றெக்கையும் மேலேருந்து வர்ற வெளிச்சத்த ஒரு தடவ மறைக்குது. அந்த நெழல இது துடிப்புன்னு எண்ணிக்கிட்டிருக்குது. மூடி இல்லாததால எலியோட துடிப்பு இதுக்குத் தெரியவே இல்ல. ஃபேனத்தான் எண்ணியிருக்குது!"

"அப்ப அன்னிக்கு 348ன்னா..." என்றேன்.

"மணவாளன் சாரோட ரெண்டாம் நம்பர்" என்றான் சார்லஸ்.

ஒரு மனிதனின் வழுக்கையை மறைக்கிற முடி, ஒரு எலியின் இதயத் துடிப்பை நிர்ணயித்திருக்கிறது. நான் மகிழ்ச்சியில் என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு முருங்கைக்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் கரண்ட் வந்தால்தான் செய்தி. மின்விசிறி தளர்ந்து தளர்ந்து நிற்க, பெட்டியில் எண்ணும் கூடவே தளர்ந்தது. 300. 120. 40. பூஜ்யம்.

"செத்துப்போச்சு" என்றாள் ஆரோக்கியம்மாள். கிளிப்பைக் கழற்றி, சவத்தை நறுக்கிச் சாம்பாரில் போட்டாள்.

திங்கட்கிழமை சார்லஸ் போய் மணவாளனிடம் விஷயத்தைச் சொன்னான். முருங்கைக்காயைத் தவிர்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு சின்னக் கருப்புத் துணியால் வாலை மூடினால் போதும் என்று கெஞ்சியிருக்கிறான்.

"அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சா?" என்று கேட்டாராம் மணவாளன். "தப்பிக்க வழி தேடுது. பேனர் அடிச்சாச்சு. மேடையில ஒரு துண்டுத் துணி நான் பாக்கக் கூடாது. போட்டோவுல அழுக்குத் துணி தெரிஞ்சா ஒன் வேலையும் போயிடும்." சார்லஸின் முளைத்துக்கொண்டிருந்த முதுகெலும்பு மறுபடி கீரையாயிற்று.

தமிழினி எனக்குப் போன் செய்தாள். "சார், நம்பர் பொய் சொன்னாக்கூடப் பரவால்ல. எலியோட நெஜமான நெலம எனக்குத் தெரியாது. அந்தப் பெரிய ஹாலுல, சூடும் இல்லாம, அது நெஜமாவே போயிடும். நீங்க கமிட்டி மெம்பர். ஏதாச்சும் பண்ண முடியுமா?"

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை. ஆரோக்கியம்மாள் அன்றைக்குச் சுறாப்புட்டு செய்திருந்தாள், அதற்கு முன்னால் யாருக்கு யோசனை வரும்.

விழா, காலையில், நல்ல நேரத்தில். மணவாளன் பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தம் குறித்திருந்தார். மின்வாரியத்தின் மின்தடை நேரத்தைப் பார்க்கவில்லை. கல்லூரிக்கு ஜெனரேட்டர் உண்டு. அதன் டீசல் சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போன காரில் ஓடித் தீர்ந்திருந்தது.

சிறப்பு விருந்தினர் விஜயகுமார், சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி. உடம்பும் பெரியது. மேடையில் அவர் உட்கார்ந்ததும் நாற்காலி என்னைப் பார்த்து முனகியது. மேடையின் நடுவே மேசை, அதில் மயங்கிய வெள்ளெலி, வாலில் கிளிப், சிவப்பு விளக்கு, பக்கத்தில் பிராண மித்ரா. பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே மின்விசிறி இரண்டில். எண் 348. தமிழினி கையுறையோடு நின்றாள். அவளுடைய முகம் மேசை விரிப்பைவிட வெளுத்திருந்தது.

வரவேற்புரை, வாழ்த்துரை. பிறகு சால்வை. விருந்தினருக்கு ஒன்று, கண்டுபிடிப்பாளர் மணவாளனுக்கு ஆறோ ஏழோ, மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒன்று. எனக்குக் கிடைத்தது மெரூன் நிறம், ஜரிகைக் கரை, இரட்டை மடிப்பு. கழுத்தில் விழுந்த உடனே வியர்வை ஊற்றெடுத்தது. அதைப் போர்த்திக்கொண்டு அடுப்பில்லாமல் இட்லி அவிக்கலாம்.

விஜயகுமாருக்கும் தாங்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனக் கொஞ்சம் ஏத்துங்களேன்" என்றார்.

மணவாளனின் கை முதலில் மண்டைக்குப் போயிற்று. ஆனால் விருந்தினர் சொல்லிவிட்டார். யாரோ ஏற்றினார்கள். பெட்டியில் எண் கிளம்பியது. 450. 600. 850. சபையில் ஒரு சலசலப்பு.

ஒரு கையால் முடியை அழுத்திக்கொண்டு, மறு கையில் மைக்கோடு மணவாளன் சொன்னார்: "பாருங்க, நம்ம சிறப்பு விருந்தினர் வந்த சந்தோஷத்துல எலியோட இதயமே படபடன்னு அடிச்சுக்குது! அதையும் துல்லியமா காட்டுது பிராண மித்ரா!"

கைதட்டல். மயக்கத்தில் கிடக்கிற எலிக்கு விருந்தினர் வந்தது எப்படித் தெரியும் என்று அங்கே இருந்த ஒரு முனைவர்கூடக் கேட்கவில்லை. அப்போதுதான் கரண்ட் போயிற்று.

மைக் ஊமையானது. மின்விசிறி தளர்ந்தது. கூரையின் கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெளிச்சத்தில், பேட்டரியில் எரிந்த பெட்டியின் எண்ணை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 700. 500. 200. 60. பூஜ்யம்.

"ஐயோ!" என்று முன்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் கத்தினாள்.

மணவாளன் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. தமிழினியை நோக்கி விரலை நீட்டினார். "கொன்னுட்டா! நல்லா ஓடிட்டிருந்த எலி. எல்லாரும் பாத்தீங்க. விஜயகுமார் சார், உங்க முன்னாடியே சொல்றேன். இந்தப் பொண்ணோட அனுமதி இன்னியோட ரத்து."

தமிழினி அவரைப் பார்க்கவில்லை. எலியின் வயிற்றில் விரலை வைத்திருந்தாள். "இன்னும் இருக்குது" என்று என் பக்கம் திரும்பினாள். "சில்லுன்னு ஆயிட்டே போவுது சார். ஒரு துணி. ஒரே ஒரு துணி."

மேடையில் ஒரு துண்டுத் துணியைப் பார்க்கக் கூடாது என்று மணவாளன் சொல்லியிருந்தார். ஆனால் நம் ஊரில் ஒரு துணிக்கு மட்டும் எந்த மேடையிலும் தடை கிடையாது. அதைப் போர்த்துகிறவனை யாரும் நிறுத்த முடியாது. போர்த்தியதை உடனே உருவவும் முடியாது. அந்த விஷயத்தில் மணவாளனே எங்களுக்கெல்லாம் குரு.

நான் எழுந்தேன். மைக் இல்லாததால் தொண்டையைத் திறந்தேன். பத்திர ஆபீஸில் நூறு பேர் கூச்சலுக்கு நடுவே பெயர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"பெரியோர்களே! இவ்ளோ நேரம் மேடையில இருக்குற எல்லாருக்கும் மரியாதை பண்ணோம். இந்த விழாவோட நாயகன ஒருத்தருமே கண்டுக்கல. விஞ்ஞானத்துக்காக ஒடம்பக் குடுத்துட்டுப் படுத்திருக்கிற இந்த எலிக்கு, கமிட்டி சார்புல நான் பொன்னாடை போர்த்துறேன்!"

மாணவர்கள் கூட்டம் கூரை பிய்கிற மாதிரி விசிலடித்தது. விருந்தினரே கைதட்டிவிட்டார். மணவாளனின் வாய் திறந்தது, ஆனால் கைதட்டல் கேட்டால் வாய் தானாகப் புன்னகைக்கிற மாதிரி அவருக்குப் பல வருடப் பழக்கம். புன்னகைத்தார். நான் என் மெரூன் சால்வையை நான்காக மடித்து, எலியை வாலோடு, கிளிப்போடு, மூக்கை மட்டும் விட்டு, மூடினேன். தமிழினி அதன் ஓரங்களைச் செருகி, சால்வைக்குள் ஒரு கையை விட்டு எலியின் உடம்போடு அணைத்துக்கொண்டாள்.

பெட்டியில் பூஜ்யம். கொஞ்ச நேரம் பூஜ்யம்தான். விசில் ஓய்ந்தது.

பிறகு 171 என்று வந்தது.

அது 348 மாதிரி சட்டை மடிப்புக் கலையாத எண் அல்ல. 168 ஆயிற்று, 175 ஆயிற்று, தடுமாறியது. "இதுதான் நெஜம்" என்றாள் தமிழினி, தனக்குத்தானே. 190. 186. 204. சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி ஏறியும் இறங்கியும் போயிற்று. 240 வந்தபோது முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 290 வந்தபோது சார்லஸ் எழுந்து நின்றுவிட்டான். அப்போது கரண்ட் வந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. பெட்டி அதைச் சட்டை செய்யவில்லை. 296, 301, 299. சால்வையின் ஓரத்தில் ஒரு இளஞ்சிவப்பு மூக்கு அசைந்தது. மணவாளனின் முடிக்கொத்து எழுந்து நின்று அதற்கு வணக்கம் செலுத்தியது.

விஜயகுமார் முன்னால் சாய்ந்தார். "செத்துட்டதா சொன்னீங்களே? சால்வ போட்டதும் எப்படி உசுரு வந்துச்சு?"

"சார், வெளி வெளிச்சத்த மறைச்சு, ஒடம்புச் சூட்டக் காப்பாத்துனா..." என்று தமிழினி ஆரம்பித்தாள்.

மணவாளன் முடியைப் படியவைத்தபடி நடுவே பாய்ந்தார். "அது டிசைன்லயே இருக்குது சார்! வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் சேத்து ஒரே காப்பு. பொன்னாடைதான் என்னோட கண்டுபிடிப்புல முக்கியமான பார்ட். கடைசியில காட்டலாம்னு வச்சிருந்தேன்."

எனக்கு அவர்மேல் அந்த நேரத்தில் ஒரு பிரமிப்பே வந்துவிட்டது. பொய்யைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். இவ்வளவு சூடாக, வாணலியிலிருந்து எடுத்த கையோடு பரிமாறியவரைப் பார்த்ததில்லை.

"அப்ப எல்லா எலிக்கும் சால்வ உண்டா?" என்று கேட்டார் விஜயகுமார்.

"கண்டிப்பா சார்!"

"பொண்ணோட அனுமதி?"

"அது... எலிதான் உயிரோட இருக்குதே சார். தொடரட்டும்."

மைக்குக்கு உயிர் வந்திருந்தது. அதை நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. நம்ம டாக்டர், தனக்கு இதுவரைக்கும் கெடச்ச அத்தன சால்வையையும் இந்த எலிகளுக்கே தந்துடுறதா முடிவு பண்ணியிருக்காரு. இப்பேர்ப்பட்ட மனசு யாருக்கு வரும்!"

இந்தத் தடவை நிஜமாகவே கூரையில் ஒரு ஓடு பெயர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் எழுந்துபோய் மணவாளனைக் கட்டிப் பிடித்தார். நான்கு பக்கமும் கேமரா. அந்தப் புகைப்படத்தில் மணவாளன் சிரிப்பதைப் பார்த்தால், பல்லைப் பிடுங்கும்போது எடுத்த படம் என்று நினைப்பீர்கள்.

மறுநாளே சார்லஸும் தமிழினியும் மூன்று அலமாரிகளையும் காலி செய்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மணவாளன் வாசலில் நின்று, "அந்தப் பச்சை மட்டும்... அது அமைச்சர் போத்துனது..." என்றாராம். "பச்சதான் சார் கெட்டியா இருக்குது" என்று தமிழினி அதை முதலில் தூக்கிப் போட்டாளாம். சால்வைகளை எலி அளவுக்கு வெட்டி, உள்ளே கருப்புத் துணி வைத்துத் தைத்தாள். சூட்டுக் கம்பியையும் மூச்சுப் பட்டையையும் சார்லஸ் மறுபடி சேர்த்தான். 'பொன்னாடையின் பகுதி' என்று மணவாளனிடம் சொன்னார்கள். பொன்னாடைக்கு எதிராக அவர் வாயைத் திறக்க முடியாது.

அதன் பிறகு அங்கே எலிகள் சாகவில்லை. நான் ஒரு கூட்டத்துக்குப் போனபோது பார்த்தேன்: வரிசையாக ஜரிகைக் கரை போட்ட எலிகள், மணிவிழாத் தம்பதிகள் கணக்காகக் கண்ணை மூடிப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு அமைச்சரோ, ஒரு துணைவேந்தரோ, ஒரு ரோட்டரி சங்கமோ.

2012இல் தமிழினியின் வாய்மொழித் தேர்வு முடிந்து, முனைவர் என்று அறிவித்தார்கள். ஆரோக்கியம்மாளும் வந்திருந்தாள். வழக்கம்போல, பாஸான மாணவியை விட்டுவிட்டு வழிகாட்டிக்குச் சால்வை போர்த்தினார்கள். புதுசு, பாதாம் நிறம், நல்ல கனம். அவரிடம் இருந்த ஒரே சால்வை அதுதான்.

தமிழினி ஆசி வாங்குவதற்காக அவர் பக்கத்தில் போனாள். குனிந்தவள், நிமிரும்போது அந்தச் சால்வையின் முனையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, கண்ணை இடுக்கி, சார்லஸைப் பார்த்தாள்.

"நாலு எலிக்கு வரும்" என்றான் சார்லஸ்.

மணவாளன் சால்வையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முடியைப் பிடிக்கக் கையில்லை. நான் சுவர்ப் பக்கம் போய் ரெகுலேட்டரைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினேன்.